முன்வரிசை வேண்டாம்

“துரோகம்! பச்சைத் துரோகம்!”

கெல்வின் மேசையில் ஒரு குத்து விட்டதில் பீர் தளும்பி ராட்னியின் மடியில் கொட்டியது.

“மெதுவாய்யா! துவைச்சு வச்சிருந்த ஒரே பேண்ட்டு இது.”

“மெதுவாவா? அந்த வார்த்தையே என் காதுல விழக் கூடாது!”

இங்கிலாந்தில் வால்சால் நகரத்து அந்த மதுக்கடையில் பிற்பகல் மூன்று மணிக்கு இவர்கள் இருவரையும் கடை நடத்தும் மொரீனையும் தவிர ஈ காக்கை இல்லை. ஊரே டவுன் ஹால் வாசலில் நின்றது. ‘டின் பிஷப்’ ராக் குழு சாயங்காலம் அங்கே வாசிக்கிறது. நாற்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு, பிறந்த ஊரில் கடைசிக் கச்சேரி. இனி கிடையாது.

கெல்வின் பஸ் ஓட்டி ரிட்டையரானவர். டின் பிஷப் ரசிகர் மன்றத்துக்கு முதல் நாளிலிருந்து அவர்தான் தலைவர். மன்றத்துக்கு ஒரு சட்டம் உண்டு. புது ஆல்பம் வந்தால் பதினைந்து பேரும் கெல்வின் வீட்டு முன்னறையில் கூடி, இசைத்தட்டில்தான் முதலில் கேட்க வேண்டும். போனில் கேட்பது மகா பாவம்.

போன வெள்ளிக்கிழமை கடைசி ஆல்பத்தையும் அப்படித்தான் கேட்டார்கள். கேட்ட சூட்டில் ஓட்டெடுப்பு. கச்சேரிக்குப் போகக் கூடாது என்று பதினாலு பேர். போவோம் என்று ராட்னி ஒருவர். மன்றத்துக்கென்று குழு ஒதுக்கியிருந்த முன்வரிசை டிக்கெட் பதினைந்தையும் இன்று காலை கெல்வினே கொண்டுபோய் ஹால் ஜன்னலில் வீசிவிட்டு வந்தார். வரிசையில் நின்றவர்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

“லென் போய் ரெண்டு வருஷம்தான் ஆகுது,” என்றார் ராட்னி. “இத்தனை வருஷம் கூடவே பேஸ் கிட்டார் வாசிச்சவன் செத்த துக்கத்துல போட்ட ஆல்பம். கனமாத்தான் இருக்கும்.”

“கனமா? லென் இதைக் கேட்டிருந்தா இன்னொரு தடவை செத்திருப்பான்!”

“நார்வே ராக் பசங்களோட பாதிப்புய்யா அது. இழுத்து வாசிக்கிறதுலயும் ஒரு ஆழம் இருக்கு.”

“நார்வேக்காரன் யார்கிட்ட கத்துக்கிட்டான்? இவங்ககிட்ட! ப்ளூஸ் பாட்டையும் நம்ம ஊர்ப் பட்டறைச் சத்தத்தையும் கலந்து இவங்க உண்டாக்கினதை அவன் எடுத்துட்டுப் போய் ஜவ்வு மாதிரி இழுத்தான். இப்போ வாத்தியார் போய்ப் பையனைப் பாத்து காப்பியடிக்கிறார். வெக்கம் வேணாம்?”

“பாடுற ராய்ஸுக்கு எழுபத்தோரு வயசு. குரல் இறங்கத்தானே செய்யும்?”

“இறங்கலைடா, கிணத்துல விழுந்து கிடக்கு! ஒரு வார்த்தை புரிஞ்சுதா உனக்கு? எட்டே பாட்டுக்கு ரெண்டு பெரிய தட்டு வேற. ஒரு பக்கத்துக்கு ரெண்டு பாட்டு!”

“பத்திரிகையில ‘இருபது வயசுப் பசங்க வேகம்’னு எழுதியிருந்தான்...”

“கேக்காமலே எழுதுற கும்பல் அது!”

கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்த மொரீன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “தட்டு சுத்துற உன் பாட்டுப்பெட்டி ரிப்பேரோ என்னவோ,” என்றாள்.

கெல்வின் எழுந்தே விட்டார். “மொரீன், என்னை என்ன வேணா சொல்லு, என் பெட்டியைச் சொல்லாதே! எழுபத்தொம்பதுல எங்கப்பா வாங்கித் தந்தது. வேகத்தை நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்துல வச்சேன், இன்னி வரைக்கும் அந்த விசையைத் தொட்டதில்லை. பெரிய தட்டு, முழு ஆல்பம், அதுதான் சங்கீதம். நாப்பத்தஞ்சுல சுத்துற சின்னத் தட்டெல்லாம் பொடிசுங்க குதிக்கிறதுக்கு. அது என் வாசப்படி ஏறினதே கிடையாது!”

“சரி சரி, உட்காருப்பா.”

உட்கார்ந்தார். பையிலிருந்து அந்த ஆல்பத்தை எடுத்து மேசையில் போட்டார். “இதை அந்த ஹால் வாசல்ல ராய்ஸ் கண்ணெதிர்ல உடைக்கப் போறேன்.” சொல்லிக்கொண்டே அட்டையை ஒரு முறை தடவினார். “என் கல்யாணத்தன்னிக்குக்கூட இவங்க கச்சேரிக்குப் போனவன் மொரீன் நான். பொண்டாட்டி ஒரு மாசம் பேசலை. இன்னிக்குக் கடைசி. நான் இங்க உக்காந்திருக்கேன். எனக்கு மட்டும் வலிக்காதா?”

ராட்னி வறுத்த பன்றித்தோல் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினார்.

மொரீனுக்குப் பாவமாகிவிட்டது. அந்தத் தட்டின் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவள், தன் போனைத் தட்டி ஒரு பாட்டைப் போட்டாள்.

கிட்டார் நாலு கால் பாய்ச்சலில் கிளம்பியது. டிரம்ஸ் பின்னாலேயே விரட்டியது. ராய்ஸின் குரல் உச்சிக்கு ஏறி அங்கேயே நின்று கத்தியது.

கெல்வினின் கால் தன்பாட்டுக்குத் தாளம் போட ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர்.

“இதுதான்! இதுதான்டா எங்க ஆளுங்க! இந்த வேகத்துல ஒரே ஒரு பாட்டு அந்த ஆல்பத்துல இருந்திருந்தா, முட்டி போட்டே ஹாலுக்குப் போயிருப்பேன். ராட்னி, இது எந்த வருஷத்துப் பாட்டு? எண்பத்திரண்டா?”

“தெரியலையேப்பா. நான் கேட்டதே இல்லை.”

“நாம கேக்காத டின் பிஷப் பாட்டா? சும்மா உளறாதே! மொரீன், நீயே சொல்லு, எந்த ஆல்பம்?”

“இதுலதான்யா, முதல் பாட்டு,” என்று அட்டையைக் காட்டிய மொரீன், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பினாள். “அது சரி, இங்க ஓரத்துல பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே... ‘நாற்பத்தைந்து வேகத்தில் ஓட்டவும்’னு?”