இலக்கியத் துறைக்கு ஒரு மாற்றம்

செவ்வாயிலிருந்து வருகிற சேதி எதுவானாலும், அனுப்பியவரின் துறைக்கேற்ற ஆய்வுச் சுருக்கமாகத்தான் வீடு வந்து சேரும். டாக்டர் மருதவாணன் மனைவி அங்கயற்கண்ணிக்குப் பக்கம் பக்கமாகப் பேசியதெல்லாம், "நோக்கம்: நலம் விசாரித்தல். கண்டறிந்தவை: நலம். முடிவு: இவ்வாண்டும் வர இயலாது" என்றே வந்தது.

அங்கயற்கண்ணி சேதி அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

"சார், அவரை இலக்கியத் துறைக்கு மாத்திக் குடுங்க."

"அந்தச் சுருக்கத்துல முடிவுன்னு ஒரு பகுதியே வராதும்மா. பரவால்லையா?"

"அது வேணாம்னுதான் சார் வந்திருக்கேன்."

அடுத்த சேதியில் செவ்வாயின் அந்தி நீலமாக இருந்தது. அவள் வைக்கும் மீன்குழம்பின் புளிப்புக்கு அவன் நாக்கு ஏங்கியது. வருகிறேன் என்று எங்கும் இல்லை. வர இயலாது என்றும் இல்லை.

அவள் எழுந்துபோய்ப் புளியை ஊறவைத்தாள்.