ஒன்பது நடை

வண்டி அண்ணன் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

இருபது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் மருந்து வண்டி தள்ளுகிறவர். நாங்கள் கொண்டுவந்ததோ தானாக ஓடும் வண்டி. மனுஷனுக்கு வயிறு எரியாதா? திட்டத்தில் யார் யாருக்கு என்ன பங்கு என்று பட்டியல் போட்டபோது, அவர் பெயருக்கு எதிரே நானே எழுதினேன்: ‘எதிர்ப்பார். ஒரு கண் வைக்கவும்.’

இன்று கடைசிச் சோதனை. கீழே மருந்தகத்திலிருந்து மூன்றாம் மாடி வார்டுக்குப் பத்து நடை. நடுவில் நின்றால் திட்டம் அம்பேல். என் குழுவில் ஆறு பேருக்கும் வேலை அம்பேல்.

முதல் நடை ஜம்மென்று போனது. லிப்ட் முன்னால் நின்றது, கதவு திறந்தது, ஏறிக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து, ஆறு, ஏழு... பெரிய டாக்டரே கை தட்டிவிட்டார்!

வண்டி அண்ணன் மட்டும் லிப்ட் பக்கம் தலை காட்டுவதும் மாயமாவதுமாக இருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஏதோ கோளாறு பண்ணப் பார்க்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பதாவது நடையில் படியேறி ஓடினேன். மூன்றாம் மாடியில் கையும் களவுமாகப் பிடித்தேன். லிப்ட் பொத்தான் மேல் அவர் விரல்.

“என்னண்ணே பண்றீங்க?”

“கூப்பிடறேன் தம்பி. உங்க வண்டிக்கு லிப்டைக் கூப்பிடத் தெரியலையே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒத்திகையெல்லாம் ஒரே மாடியில்தான் பார்த்தோம். லிப்டை வண்டியோடு இணைப்பது லிப்ட் கம்பெனிக்காரர்கள் பொறுப்பு என்று நாங்கள் விட்டோம், எங்கள் பொறுப்பு என்று அவர்கள் விட்டார்கள். பட்டியலில் மட்டும் ‘லிப்ட் தயார்’ என்று டிக். காலையிலிருந்து படியேறி இறங்கிப் பொத்தான் அமுக்கியது இவர்.

“இது ஜெயிச்சா உங்க வேலைதானே போகும்?”

“அதை அப்புறம் பார்த்துக்கலாம். உள்ள இருக்கறது நிஜ மருந்து. மேல வலியோட காத்திருக்காங்க. நீங்களும் புள்ளகுட்டிக்காரங்க.”

அவரைக் கையோடு கீழே கூட்டி வந்தேன். பெரிய டாக்டர் என் முதுகில் தட்டினார்.

“பத்தாவது நடையே வேணாம், பாஸ் போட்டுடறேன். லிப்டோட எப்படி இவ்வளவு கச்சிதமா இணைச்சீங்க?”

என் ஆட்கள் ஆறு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

“இணைக்கவே இல்லை டாக்டர்” என்றேன். “ஒன்பது நடையும் ஓடினது இவர்.”