செருப்புக் கடை உளவாளி

"இதுவும் கடிக்குது மேடம். வேற பாக்கலாமா?"

அந்த ஆள் ஒன்பதாவது ஜோடியைக் கழற்றி வைத்தார். கடைக்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பெட்டியைத் திறந்தாள். நேற்றும் இதே கதை, முந்தாநாளும் இதே கதை. கால்தான் செருப்பில் இருந்தது. கண் தட்டுத் தட்டாக மேய்ந்துகொண்டிருந்தது.

இங்கே இல்லாத நேரத்தில் எதிர்ச் செருப்புக்கடையில் இருந்தார். அங்கே போவதும் இங்கே வருவதுமாக இருக்கும் ஆளுக்குச் செருப்பா வேண்டும்? அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"சார், உண்மையைச் சொல்லுங்க. எதிர்க்கடைக்கு உளவு பாக்குறீங்களா? அதுக்கு அவசியமே இல்ல. இந்த மாசத்தோட நான் கடையை மூடுறது தெருவுக்கே தெரியும். எதிர்க்கடைக்காரர் சந்தோஷமா இருக்கட்டும்."

பார்த்த வேலையை விட்டு, சேர்த்ததையெல்லாம் கொட்டி ஆரம்பித்த கடை. அதை அவளே பூட்டப் போகிறாள்.

அவர் அவசரமாகத் தன் பழைய செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு ஒரு கார்டை நீட்டினார். 'வியாபார ஆலோசகர்' என்று போட்டிருந்தது.

"உளவெல்லாம் இல்ல மேடம். உங்க கடை மூடக்கூடாதுன்னு நினைக்கிற ஒருத்தர் என்னை அனுப்பினார். யாருன்னு மட்டும் கேக்காதீங்க. சொல்லக்கூடாதுன்னு பேச்சு."

அண்ணன்! அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கடை கிடை ஒன்றும் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்ட அதே அண்ணன். வாய்தான் அப்படி, மனசு வெண்ணெய்.

"யோசனை சொல்றது சுலபம் சார். சொந்தமா கடை நடத்திப் பாத்திருக்கீங்களா?"

"நடத்தியும் பாத்தாச்சு, கவுத்தும் பாத்தாச்சு" என்றார் அவர், என்னவோ பரீட்சையில் பாஸான மாதிரி. "கைக்கடிகாரக் கடை. பக்கத்து வாசல்லயே இன்னொரு கடிகாரக் கடை இருந்துச்சு. விலையைக் குறைச்சுக் குறைச்சு அவரைத் துரத்தினேன். அவர் மூடின அன்னிக்குத் தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தேன். மறுவருஷம் என் கடையும் போச்சு."

"அடுத்தவங்க வயித்துல அடிச்சா பாவம் சும்மா விடுமா?" வாய்தவறி வந்துவிட்டது அவளுக்கு.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படித்தான் நானும் நினைச்சேன். வீட்டை வித்துட்டு, மாமனார் வீட்டு மாடியில குடித்தனம். ஒரு பெரிய கடை வாசல்ல செக்யூரிட்டி வேலை கிடைச்சுது. கதவைத் திறந்து மூடுறதுதான் உத்தியோகம். யார் பையோட வெளியே வர்றாங்க, யார் வெறுங்கையோட வர்றாங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன். ஏன்னு மெல்ல மெல்லப் புரிஞ்சுது. முதலாளிகிட்ட சொன்னேன். அவர் செஞ்சு பாத்தார், வியாபாரம் சூடு பிடிச்சுது. அப்புறம்தான் இந்தக் கார்டு."

"வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

"மாமனார் விழுந்து விழுந்து சிரிச்சார். சொந்தக் கப்பலைக் கவுத்தவன் ஊரான் கப்பலை ஓட்டப் போறியான்னார். முழுகினவனுக்குத்தானே மாமா ஆழம் தெரியும்னேன். இப்ப அவர்தான் என் கார்டைப் போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் கொடுக்குறார்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கடைக்குள் அவள் சிரித்தே மாதக்கணக்காகிறது.

அப்போது ஒரு பெண் விறுவிறுவென்று படியேறி வந்தாள். "காலையில பாத்தேனே, அந்த நீலக் கலரே கொடுத்துடுங்க. எதிர்லயும் போய்ப் பாத்துட்டேன், இதுதான் நல்லாருக்கு." கடைக்காரம்மா பெட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தாள். ஆலோசகர் அந்தப் பெண் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சொல்லுங்க. நான் எங்க சறுக்கினேன்?"

"நான் சறுக்கின அதே இடத்துலதான். எதிர்ல இருக்கிற சரக்கையே நீங்களும் வாங்கி அடுக்கி, விலையைக் குறைச்சுக்கிட்டே போறீங்க. அவர்கிட்ட குழந்தைங்க செருப்பே கிடையாது. பெரிய சைஸ் கேட்டா கையை விரிக்கிறார். மூணு நாளா என் கால் தேயத் தேயப் போட்டுப் பாக்குறேனே, ரெண்டு கடையிலயும் எனக்கு ஒரு ஜோடி இல்ல! அங்க இல்லாததை நீங்க வைங்க மேடம். விலையைக் குறைக்கவே வேண்டாம்."

அவள் மேஜைக்கடியில் தயாராக இருந்த 'கடை மூடப்படுகிறது' பலகையை எடுத்து, எழுத்து தெரியாதபடி திருப்பிச் சுவரோடு சாய்த்தாள்.

"மூடலை சார். இன்னொரு கை பாத்துடுறேன். அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

"எந்த அண்ணன்?" என்றார் ஆலோசகர்.

பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் தட்டியது. எதிர்க்கடைக்காரர்! தெருவில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சிடுமூஞ்சி. கடை திறந்த நாளாக இந்தப் படியை மிதிக்காத மனிதர், போகிற நேரத்தில் கேலி பேச வந்துவிட்டார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. இருப்புக் கொள்ளாதவராய் ஆலோசகரிடம் போனார்.

"என்ன சார், ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க."

சிடுமூஞ்சி 'அப்பாடா' என்று நெஞ்சைத் தடவிக்கொண்டது.

"இவரை அனுப்பினது... நீங்களா?"

"பின்னே? நீங்க மூடிட்டா, ஒத்தைக் கடையை நம்பி இந்தத் தெருவுக்கு எவன்மா செருப்பு வாங்க வருவான்?"