பயிற்சிப் பொம்மையின் இதயம்

ஜெரால்டு மாரடைப்பில் இறந்தபோது, அவன் முகத்தையும் குரலையும் நர்ஸ்களுக்கான பயிற்சிப் பொம்மைக்குத் தானம் கொடுத்தவள் அவன் மனைவி அமலிதான். அவளும் நர்ஸ். அவன் சரிந்து விழுந்தபோது அவள் டியூட்டியில் இருந்தாள், வீட்டில் யாருமில்லை.

இன்று, நின்ற இதயத்தை மீண்டும் துடிக்கவைக்கும் பயிற்சிக்கு வந்த அவள் முன்னால் அந்தப் பொம்மையே கிடந்தது. அமலி மண்டியிட்டு, நெஞ்சில் கைவைத்து, மூச்சிரைக்க அழுத்தினாள். பொம்மை இருமியபடி கண் திறந்தது.

“கொஞ்சம் தண்ணி” என்றது, அவன் குரலில். உள்ளங்கைக்கடியில் இதயம் துடித்தது.

“பாஸாயிட்டீங்க சிஸ்டர், எந்திரிங்க” என்றார் பயிற்சி தரும் மேடம். “அடுத்தவங்க பழகணும். இதயத்தை நிறுத்தணும்.”

அமலி கையை எடுக்கவில்லை.

“நான் வெளிய போனப்புறம் நிறுத்துங்க மேடம்.”

மேடம் தலையசைத்தார். வாசல் பக்கத்தில்தான் இருந்தது. அமலி மிக மெதுவாக நடந்தாள்.