மூன்று ஸ்பேஸ்

ஒரு கீயைத் தட்டினால் முடிகிற வேலைதான். மத்தியானத்திலிருந்து றீற்றாவுக்குக் கை வரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அந்த அலுவலகத்தில் யார் புரோகிராம் எழுதினாலும் ஒரே மாதிரித்தான் தெரிய வேண்டும். உள்ளே தள்ளி எழுதுகிற வரிக்கு முன்னால் நான்கு ஸ்பேஸ். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. யாராவது மறந்தால் கொம்பியூட்டரே நான்காகத் தள்ளி வைத்துவிடும். அதற்கென்று ஒரு கருவியை அலுவலகத்தை நடத்துகிற சேர் இறக்கியிருந்தார். பழைய ஃபைல்களை அதற்குள் விட்டு எடுக்கிற பொறுப்பு றீற்றாவின் தலையில் விழுந்தது.

காலையில் இதற்கு ஒரு வாக்கெடுப்பே நடந்தது. ஹாஷிம் டேப் கீக்காகத் தனியாளாக நின்று வாதாடினான். ஒருதரம் தட்டினால் போகிற காரியத்துக்கு நாலுதரம் தட்டுகிறவர்களுக்கு மறுமையில் கேள்வி இருக்கிறது என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிலர் இரண்டு என்றார்கள். பலர் நான்கு என்றார்கள்.

மூன்று என்று ஒருவரும் சொல்லவில்லை.

மூன்று விடுகிற ஒரே ஆள் விவேகானந்தன். அவனுடைய கதிரை மாசி மாதத்திலிருந்து காலியாக இருந்தது.

பிலிமத்தலாவையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஒரு காலையில் கண்டி பஸ்ஸுக்கு நின்றவனை வான் வண்டியில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போனதாக அங்கே கடை வைத்திருப்பவர் சொன்னார். விசாரிக்கப் போன பொலிஸ், இராணுவ முகாம் எல்லாவற்றிலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள்.

ஏன் மூன்று என்று கேட்டால், இரண்டு நெருக்கம், நான்கு தூரம் என்பான். சொல்லும்போது தன் கதிரைக்கும் அவள் கதிரைக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்ப்பான். அவளும் பார்ப்பாள். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசிக்கொண்டதில்லை.

வெளியே அதுவும் இல்லை. குட்ஷெட் பஸ் நிலையத்தில் கண்டால் தெரியாதவன் மாதிரி நிற்பான். றோட்டில் தமிழில் வாய் திறக்கமாட்டான். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தாள்.

அவனுடைய ஃபைல்களை மட்டும் இப்படியே விட்டுவிடலாமா என்று சேரிடம் கேட்டுப் பார்த்தாள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திரும்பி வந்தால் அவரும் எங்களைப் போலவே எழுதிப் பழகட்டும், பிள்ளை என்றார். கடுமையாகச் சொல்லவில்லை.

ஆகவே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வத்தேகமவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து நிறுக்கும் புரோகிராம். எல்லாம் அவன் எழுதியது. வரிகளின் இடது ஓரம் சின்னச் சின்னப் படியாக இறங்கிப் போனது. அவளுக்குப் பெயர் பார்க்கத் தேவையில்லை. அந்தப் படியைக் கண்டால் போதும்.

ஒன்றை மட்டும் திறக்கவில்லை. அவன் கடைசியாக வந்துபோன நாளில் எழுதியது. தொழிற்சாலை வேலை அதோடு நின்றுபோனதால் அது யாருக்கும் தேவைப்படவில்லை. அவளும் தொடாமல் வைத்திருந்தாள். அதையும் பார்த்துவிட்டால், இனி அவனிடமிருந்து வருவதற்கு ஒன்றும் இருக்காது.

சேர் குடையை எடுத்துக்கொண்டு வந்து முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

தட்டினாள்.

ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக ஓடின. மாற்றப்பட்டது, மாற்றப்பட்டது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் விழுந்தது. அவனுடையவை வந்தபோது அவள் திரையைப் பார்க்கவில்லை. மறுபடி பார்த்தபோது எல்லாம் நின்றிருந்தது.

கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் மாற்றம் இல்லை என்று இருந்தது.

அந்த ஃபைல்தான்.

கருவி எப்படியோ அதைத் தாண்டிப் போயிருந்தது. ஒன்றாவது தப்பியதே என்று நினைத்தாள். சேர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து திறந்தாள்.

நான்கு ஸ்பேஸ். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நான்கு. அவன் கையாலேயே தட்டியது. கருவிக்குத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

நான்கு அவளுடைய வழக்கம். அவளுக்காகத்தான் மாறினான் என்று நினைத்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு அன்றைய பிளேன்டீ நேரம் ஞாபகம் வந்தது. காலை முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்த ஒரு வசனத்தை அன்றுதான் துணிந்து அவனிடம் சொன்னாள். அதில் ஒரு சொல்லை வேண்டுமென்றே வைத்திருந்தாள். பிடிக்கும் என்பதை இதைவிடக் கிட்டப்போய் அவளால் சொல்ல முடியாது.

"உங்கட மூண்டு ஸ்பேஸை எங்க கண்டாலும் நான் உங்களைப் பிடிச்சிடுவன்."

அவன் சிரிக்கவில்லை. கோப்பையைப் பிடித்தபடி வாசல் பக்கம் பார்த்தான். ஓம் என்றான். எழுந்து தன் கதிரைக்குப் போய், பின்னேரம் வரைக்கும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான்.

அவன் வெட்கப்படுகிறான் என்று நினைத்து அவள் அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் சந்தோஷமாக இருந்தாள். அந்தச் சொல் அவன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இப்போதுதான் யோசித்தாள்.

திரையில் வரிகள் அப்படியே நின்றன. அவளுடையதைப் போல, ஹாஷிமுடையதைப் போல, இனி எல்லாருடையதையும் போல.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த ஹாஷிம் அவள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

"இது யார் எழுதினது, றீற்றா?"

அவள் இடது ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள்.