மீசையில் ஒரு பருக்கை

மலேசியாவின் கூலிம் ஊர் கிளினிக்கின் ஜன்னல் வெயிலில், ஏற்கெனவே இரண்டு முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த குணாளன் கையை நீட்டியிருக்கிறார். முந்தைய சோதனையில் அவருடைய கொழுப்பின் அளவு சரியாகத்தான் இருந்தது. அந்தக் கொழுப்பு இரத்தத்துக்குள் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. இரத்தம் வைக்கும் ஐஸ் பெட்டி மாதத்துக்கு ஒரு தடவைதான் கோலாலம்பூர் ஆய்வகத்துக்குப் போகும்; இன்றைக்குத்தான் அந்த நாள். "ராத்திரியிலேர்ந்து ஒன்னும் சாப்பிடலதானே அண்ணே?" தாதி ரூத் ஊசியைப் பிரிக்கிறாள். "பச்சத் தண்ணிதான்மா." பக்கத்தில் நிற்கும் மனைவி தேவகியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் மீசையில் ஒரு பொங்கல் பருக்கை. விடியலில் முனியாண்டி கோயிலில் வேண்டிக்கொண்டு அவள் ஊட்டியது. ரூத் அதைப் பார்த்துவிட்டு ஊசியை மூடுகிறாள். "இனிமே அடுத்த மாசம்தான் அக்கா." "அது வரைக்கும் இவரு இருக்கணுமேம்மா." தேவகி முந்தானையால் மீசையைத் துடைக்கிறாள். பருக்கை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.