காலையில் மட்டும் கத்தும் கார்

"தம்பி, நீங்க சொன்ன மாதிரியே நேத்து சாயங்காலத்துலேர்ந்து யாரும் சாவியைத் தொடலை. இப்ப போடுங்க. அது போடற கூச்சலை நீங்களே கேளுங்க" என்றார் வீட்டுக்காரர்.

மெக்கானிக் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். வீட்டுக்காரர் இதற்காகவே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கம்பளிக் குல்லாயைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அவர் மனைவி டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஆயிரத்து முந்நூறில் போய் நின்றது.

"கேட்டீங்களா, கேட்டீங்களா?" வீட்டுக்காரர் துள்ளினார். "சும்மா நிக்கும்போதே இந்தக் கத்து கத்துது!"

"குளிர்ல எல்லா வண்டியும் கொஞ்சம் வேகமாத்தான் சுத்தும் சார். தன்னைத்தானே சூடு பண்ணிக்குது. ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும், பாருங்க."

அவன் சொன்னபடியே முள் மெல்ல இறங்கி எண்ணூறில் உட்கார்ந்தது.

"இந்தச் சமாதானமெல்லாம் வேண்டாம். பத்து வருஷமா தினம் காலையில இவ பக்கத்துல உக்காந்து இதே வண்டியிலதான் ஆபீசுக்குப் போறேன். ஒரு நாள் இப்படிக் கத்தினதில்லை. இப்ப ரெண்டு வாரமா கத்துது. ஏன்?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். பத்து வருஷம் இல்லாத சத்தம் புதிதாக வந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்துதானே ஆக வேண்டும்? சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். இல்லை. ஆக்சிலரேட்டருக்கு அடியில் மேட் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். ஒரு பழைய கைக்குட்டைதான் அகப்பட்டது. கோளாறைக் காட்டும் ஸ்கேனரை மாட்டினான். அதுவும் கையை விரித்துவிட்டது.

"ஏங்க, வாங்கின நாளிலேர்ந்து இது இப்படித்தாங்க இருக்கு!" என்றார் மனைவி, தெருமுனை வரை கேட்கிற குரலில்.

"ஏன் கத்தற? பக்கத்துலதானே நிக்கறேன்? உனக்கு அந்தச் சத்தம் பழகிப்போச்சு. அதான் வித்தியாசம் தெரியலை."

வீட்டுக்காரர் வண்டியின் பின்பக்கம் போய்ப் புகைக் குழாயைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். மனைவி மெக்கானிக்கின் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நாப்பத்தஞ்சு வயசுல இந்த வண்டியிலதான் ஓட்டக் கத்துக்கிட்டேன். இதோட கிளட்ச்சுக்கும் என் காலுக்கும்தான் ஒத்துப்போகும். வேற வண்டின்னா எனக்குக் கை நடுங்கும். பத்து மணிக்கு இதை வாங்க ஆள் வருது. எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கிளட்ச்சாவது காலாவது! அங்க என்ன ரகசியம்?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. அந்தம்மா திடுக்கிட்டுப் பழையபடி கதவைப் போய்ப் பிடித்துக்கொண்டார்.

மெக்கானிக்குக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதாவது ஒரு கோளாறு கிடைத்துவிடாதா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டான்.

"வேற ஏதாவது சத்தம் வருதா சார்?"

"கார்ல மட்டும்தானா? வீட்டுக்குள்ள வந்து பாருங்க. ஃபிரிட்ஜ் பொழுதன்னிக்கும் முனகுது. கதவெல்லாம் கிறீச்சுங்குது. குழாய் சொட்டுது. மேல் வீட்டுக்காரன் புதுசா நாற்காலியை இழுக்கப் பழகியிருக்கான். எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல வயசாயிடுச்சு தம்பி. ஒவ்வொண்ணா கழிச்சுக்கட்டப் போறேன். முதல்ல இந்தக் கார்."

"வேணும்னா இன்ஜினுக்குக் காத்து விடற த்ராட்டிலைக் கழட்டி சுத்தம் பண்ணித் தரேன் சார்."

"பண்ணினா சத்தம் போயிடுமா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். அந்தம்மாவின் கண் வேறு அவனைக் கெஞ்சியது. ஆனால் நாளைக் காலையில் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

"போகாது சார்" என்றான்.

"அப்ப பேச்சே இல்லை. பத்து மணி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இப்பவே வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிடறேன்."

அந்தம்மா ஸ்டியரிங்கை ஒரு கையால் பற்றிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வீட்டுக்காரர் போனை எடுத்து நம்பரைத் தேடி அழுத்தினார். காதில் வைத்துக்கொள்ள வசதியாகக் குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"சார், ஒரு நிமிஷம். போனை வைங்க. உங்க காதுக்குப் பின்னால அது என்ன?"

"இதுவா? காது கேக்கற மெஷின்" என்று அதைப் பெருமையாகத் தடவிக்கொண்டார் வீட்டுக்காரர். "ரெண்டு வாரம் முன்னாலதான் மக வாங்கி அனுப்பினா. பொருள் நல்ல பொருள்தான், ஆனா ராசியில்லை தம்பி. மாட்டின அன்னிக்கே ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சு, மறுநாள் விடிஞ்சா கார்!"